வடதுருவத்து மேகங்கள்

மேகம் என்றதும் மழையே பலருக்கும் நினைவிற்கு வரும். மழை பொழிவது மேகத்தின் தொழில்களுள் ஒன்று. அதுவே அதன் முழுத் தொழிலும் அன்று. கோடைக் காலத்து நண்பகலில் வெயிலின் கொடுமை தாங்காது வழி நடப்பவன், ஒரு மேகம் கதிரவனை மறைத்ததும் பெருமூச்சு விட்டு மகிழ்கிறான். அப்பொழுது மேகம் நிலத்திற்குக் குடையாகிறது. அதே மேகம் இரவில் வானை மூடி நின்றால், புழுக்கம் மிகுந்து உறக்கம் வாராமற் போகிறது. வானம் தெளிந்திருக்கும் இரவிலோ நிலம் விரைவில் குளிர்கிறது. விடியற்காலையில் புல்லின் நுனிதோறும் பனித்துளி நிற்கிறது. நிலத்தினின்றும் வான்வெளியை நோக்கிச் செல்லும் வெப்பத்தை மேகம் தான் ஏற்றுக்கொண்டு, அதில் ஒரு பகுதியை மீண்டும் நிலத்திற்கே அனுப்புகிறது. ஆதலின் இரவில் மேகம் போர்வையாகிறது.

குடை, போர்வை என்னும் இவ்விரண்டு தொழில்களுள் எது மேலோங்கும் என்பது இடத்தையும் காலத்தையும் பொறுத்தது. கதிரவன் உச்சியில் காயும் நாடுகளில் இதனை ஒருவாறு எளிதில் கூறிவிடலாம். ஆறு திங்கள் பகலும் ஆறு திங்கள் இரவுமாக விளங்கும் வடதுருவத்தில் இதற்கு விடை காண்பது எளிதன்று. அவ்விடையைத் தேடி அறிஞர் பலர் கடுங்குளிரையும் காரிருளையும் பொருட்படுத்தாது, பனிக்கட்டியோடு பனிக்கட்டியாக ஓராண்டுக் காலம் கடலில் மிதந்து சென்றனர்.

பனிக் கடல்

உலகின் தென்முனையில் இருப்பது பனி மூடிய ஒரு கண்டம். வடமுனையில் இருப்பதோ பனி மூடிய ஒரு கடல். ஆர்க்டிக் பெருங்கடல் எனப்படும் அதன் பரப்பு ஏறத்தாழ 1 கோடியே 40 இலட்சம் சதுர கிலோமீட்டர். ஆசியா, ஐரோப்பா, வட அமெரிக்கா ஆகிய கண்டங்களின் வடகரைகள் அதனைச் சூழ்ந்து நிற்கின்றன. கடலின் மேற்பரப்பு உறைந்து, சில மீட்டர் கனமுள்ள பனிப்பாளங்களாக மிதக்கின்றது. அப்பாளங்கள் ஓரிடத்தில் நில்லா. காற்றும் நீரோட்டமும் அவற்றை ஓயாது நகர்த்திக்கொண்டே இருக்கும். அவை ஒன்றோடொன்று மோதி மலைபோல் குவிவதும் உண்டு. திடீரெனப் பிளந்து இடையே கருநிற நீரைக் காட்டுவதும் உண்டு.

இப்பனிப் பரப்பு உலகிற்குச் செய்யும் நன்மை பெரிது. புதுப்பனி படிந்த பாளம் தன்மீது விழும் கதிரவன் ஒளியில் நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேல் திருப்பி அனுப்பிவிடும். திறந்த கடல்நீரோ நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் உட்கொண்டுவிடும். ஆகவே, பனி உருகி நீர் வெளிப்பட்டால் அந்நீர் மிகுதியான வெப்பத்தை ஏற்கிறது. அவ்வெப்பம் எஞ்சிய பனியை உருக்குகிறது. அதனால் மேலும் நீர் வெளிப்படுகிறது. ஒன்று மற்றொன்றை வளர்க்கும் இச்சுழற்சி ஒருமுறை தொடங்கினால் எளிதில் நிற்பதில்லை.

காற்றிலுள்ள கரியமில வாயு மிகுந்தால் உலகம் வெப்பமடையும் என்பதையும், அவ்வெப்பம் துருவங்களை நோக்கிச் செல்லச் செல்ல மிகும் என்பதையும் ஸ்வீடன் நாட்டு அறிஞர் ஸ்வாந்தே அர்ரீனியஸ் 1896-ஆம் ஆண்டிலேயே கணக்கிட்டுக் கூறினார். பிற்காலத்து அளவுகள் அவர் கருத்தை மெய்ப்பித்தன. 1979-ஆம் ஆண்டிற்குப் பின் ஆர்க்டிக் பகுதி, உலகின் சராசரியைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு விரைவாக வெப்பமடைந்துள்ளது. ஆண்டுதோறும் செப்டம்பர்த் திங்களில் அக்கடற்பனி மிகச் சுருங்கி நிற்கும். 1979-ஆம் ஆண்டுச் செப்டம்பரில் அதன் பரப்பு ஏறத்தாழ 70 இலட்சம் சதுர கிலோமீட்டர். 2012-ஆம் ஆண்டுச் செப்டம்பரில் அது 34 இலட்சம் சதுர கிலோமீட்டராகக் குறைந்தது.

இம்மாறுதலில் மேகங்களுக்கு உரிய பங்கு யாது? அவை பனியைக் காக்கின்றனவா, உருக்குகின்றனவா? இவ்வினாவிற்கு விடை தெரியாதவரை, இனி வரும் காலத்தில் பனி எவ்வளவு விரைவாகக் குறையும் என்று கணக்கிடுவது அரிது. விண்ணில் சுற்றும் செயற்கைத் துணைக்கோள்கள் மேகத்தின் மேற்புறத்தைக் காணும்; ஆனால் கீழே வெண்மையான பனியும் மேலே வெண்மையான மேகமும் இருக்கையில் இரண்டையும் பிரித்தறிவது அவற்றிற்குக் கடினம். ஆதலின் மேகத்தின் அடியிலேயே சென்று நின்று அளந்தாலன்றி உண்மை புலப்படாது என்பதை விஞ்ஞானிகள் உணர்ந்தனர்.

நான்சென் காட்டிய வழி

நிலமே இல்லாத அப்பகுதியில் நின்று அளப்பது எங்ஙனம்? இதற்கு வழி காட்டியவர் நார்வே நாட்டைச் சேர்ந்த பிரிட்ஜோப் நான்சென் என்பவர். சைபீரியாவிற்கு வடக்கே 1881-ஆம் ஆண்டில் பனியால் நசுக்கப்பட்டு மூழ்கிய ஜீனெட் என்னும் கப்பலின் பொருள்கள், மூன்றாண்டுகளுக்குப் பின் கிரீன்லாந்தின் கரையில் கண்டெடுக்கப்பட்டன. பனிப்பாளங்களே அவற்றைக் கடலின் ஒரு புறத்திலிருந்து மறுபுறத்திற்குச் சுமந்து வந்திருத்தல் வேண்டும் என்று நான்சென் எண்ணினார். பொருள்களைச் சுமந்து வரும் பனி, ஒரு கப்பலையும் சுமந்து வாராதா என்று அவர் உள்ளத்தில் ஓர் எண்ணம் உதித்தது.

அவ்வெண்ணத்தினின்றும் பிறந்ததே 'பிராம்' என்னும் கப்பல். 'முன்னோக்கி' என்பது அப்பெயரின் பொருள். பனி இரு புறமும் நெருக்கும்பொழுது நொறுங்காது மேலெழும்பும் வண்ணம், அதன் அடிப்பகுதி உருண்டையாக அமைக்கப்பட்டது. 1893-ஆம் ஆண்டில் நான்சென் தம் தோழர் பன்னிருவரோடு புறப்பட்டு, வேண்டுமென்றே கப்பலைப் பனியிடையே சிக்க வைத்தார். அறிவுடையோர் பலர் அச்செயலை மடமை என்று பழித்தனர். ஆயினும் பிராம் நொறுங்கவில்லை. மூன்று குளிர்காலங்கள் பனியில் மிதந்தபின் 1896-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் அது பத்திரமாக வெளிவந்தது. இடையில் கப்பலை விட்டிறங்கித் துருவத்தை நோக்கி நடந்த நான்சென் தம் குறிக்கோளை எய்தவில்லை. ஆனால் உயிரோடு திரும்பினார். பனியை எதிர்த்துப் போரிடுவதைவிட அதனோடு இணங்கிச் செல்வதே அக்கடலை அறியும் வழி என்பதை அவர் உலகிற்கு உணர்த்தினார்.

உறையாத நீர்

நூறாண்டுகளுக்குப் பின்னர், 1997-ஆம் ஆண்டு அக்டோபரில், கனடா நாட்டுப் பனியுடைக்கும் கப்பல் ஒன்று அலாஸ்காவிற்கு வடக்கே உள்ள பனியில் நிறுத்தப்பட்டு, ஓராண்டுக் காலம் அப்பனியோடு மிதக்க விடப்பட்டது. 'ஷேபா' எனப்பட்ட அவ்வாராய்ச்சியில் கிடைத்த அளவுகளைத் தம் தொடக்கக் காலத்திலேயே நுணுகி ஆராய்ந்தவர்களுள் அமெரிக்க விஞ்ஞானி மாத்யூ ஷூப் என்பவரும் ஒருவர். கொலராடோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அவர், வடதுருவத்து மேகங்களின் இயல்பை அறிவதையே தம் வாழ்நாள் பணியாக மேற்கொண்டார்.

ஷேபா ஆராய்ச்சி வெளிப்படுத்திய உண்மைகளுள் ஒன்று வியப்பிற்குரியது. நீர் சுழியம் டிகிரியில் உறையும் என்பதைச் சிறுவரும் அறிவர். வடதுருவத்துக் குளிர்காலத்தில் காற்று உறைநிலைக்கு மிகக் கீழே குளிர்ந்திருக்கும். ஆகவே அங்குள்ள மேகங்கள் பெரும்பாலும் பனிப் படிகங்களால் ஆகியிருக்கும் என்று எண்ணுதல் இயல்பு. ஆனால் அம்மேகங்கள் பலவற்றில் நீர்த்துளிகள் உறையாமல் நீராகவே மிதந்துகொண்டிருந்தன.

இதன் காரணம் ஆராயத்தக்கது. மிகச் சிறிய தூய நீர்த்துளி, தான் உறைவதற்குப் பற்றுக்கோடாக ஒரு நுண்துகளை வேண்டி நிற்கும். அத்தகைய துகள் கிட்டாவிடில், உறைநிலைக்கு 38 டிகிரி கீழே செல்லும் வரையிலும் அது நீராகவே இருத்தல் கூடும். மாசற்ற வடதுருவக் காற்றில் அத்துகள்கள் மிகக் குறைவு. ஆயினும் ஓர் ஐயம் எழும். மேகத்தில் ஒரு பனிப் படிகம் தோன்றிவிட்டால், அது சூழ்ந்துள்ள நீர்த்துளிகளின் ஆவியைக் கவர்ந்து தான் பருத்துக்கொண்டே போகும். துளிகள் தேய்ந்து மறையும். இம்முறைப்படி அம்மேகங்கள் சில மணி நேரத்தில் பனியாகிக் கீழே விழுந்துவிட வேண்டும். அவையோ நாட்கணக்கில் நிலைத்து நின்றன.

ஷூபும் அவர்தம் நண்பர்களும் இப்புதிருக்கு விடை கண்டனர். மேகத்தின் மேற்புறம் வான்வெளிக்கு வெப்பத்தை இழந்து குளிர்கிறது. குளிர்ந்த காற்று கனமாகிக் கீழிறங்க, அதற்கு ஈடாகக் கீழுள்ள காற்று மேலெழுகிறது. மேலெழும் காற்றின் ஈரம் குளிர்ந்து புதிய துளிகளாகிறது. மேகத்திற்கு மேலே உள்ள காற்றும் பல சமயங்களில் மிகுந்த ஈரமுடையதாய் இருந்து, மேகத்திற்கு நீரை வழங்குகிறது. இவ்வாறு பனிப் படிகங்கள் ஒருபுறம் நீரைக் கவர்ந்து விழுந்துகொண்டிருக்க, மறுபுறம் புதிய நீர்த்துளிகள் பிறந்துகொண்டே இருக்கின்றன. ஊற்று நீர் இறைக்க இறைக்கச் சுரந்து வருவதுபோல் அம்மேகம் அழிய அழியத் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்கிறது.

இந்நீர்த்துளிகளால் விளையும் பயன் பெரிது. பனிப் படிகங்கள் மட்டும் உடைய மெல்லிய மேகம் வெப்பத்தை எளிதில் மேலே விட்டுவிடும். நீர்த்துளி நிறைந்த மேகமோ தடித்த கம்பளிபோல் அதனைத் தடுத்து நிறுத்தும். குளிர்காலத்தில் வானம் தெளிந்திருந்தபோது, பனிப் பரப்பின் ஒவ்வொரு சதுர மீட்டரும் ஏறத்தாழ 40 வாட் அளவுள்ள வெப்பத்தை இழந்துகொண்டிருந்தது. நீர்த்துளி மேகம் வந்து மூடியதும் அவ்விழப்பு ஏறக்குறைய இல்லாமற் போயிற்று. ஆண்டின் பெரும்பகுதியில் மேகங்கள் வடதுருவப் பனிக்குப் போர்வையாகவே இருக்கின்றன. நடுக் கோடையில் சிறிது காலம் மட்டுமே அவை குடையாகின்றன. ஷேபாவின் அளவுகள் கூறிய முடிவு இது.

கிரீன்லாந்தில் கண்டது

இம்முடிவின் வலிமையை 2012-ஆம் ஆண்டில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சி காட்டிற்று. கிரீன்லாந்துத் தீவின் நடுவே, பனிமலையின் உச்சியில், கடல் மட்டத்திற்குமேல் ஏறத்தாழ 3,200 மீட்டர் உயரத்தில் ஓர் ஆராய்ச்சி நிலையம் உள்ளது. அங்கே 2010-ஆம் ஆண்டு முதல் ஷூபும் பிறரும் மேகங்களை அளக்கும் கருவிகளை நிறுவியிருந்தனர். கோடையிலும் பனி உருகாத இடம் அது. ஆனால் 2012-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 11-ஆம் நாளை ஒட்டி அவ்வுச்சியிலும் பனி உருகிற்று. கிரீன்லாந்துப் பனிப் பரப்பின் மேற்புறம் ஏறத்தாழ முழுவதிலும் உருகல் காணப்பட்டது. அதற்கு முன் அவ்வுச்சியில் அத்தகைய உருகல் நிகழ்ந்தது 1889-ஆம் ஆண்டில் என்பதைப் பனியின் அடுக்குகள் தெரிவித்தன.

வெப்பக் காற்று வந்து சூழ்ந்ததே இதன் முதற் காரணம். ஆனால் அது மட்டும் போதாது என்பதைக் கருவிகளின் அளவுகள் காட்டின. அந்நாட்களில் தாழ்வான, மெல்லிய நீர்த்துளி மேகம் ஒன்று அங்கே நின்றது. அது சற்றுத் தடித்திருந்தால் கதிரவன் ஒளியைத் தடுத்திருக்கும். இன்னும் மெலிந்திருந்தால் நிலத்தின் வெப்பத்தைத் தப்ப விட்டிருக்கும். ஒளி புகுவதற்கு வேண்டிய மென்மையும் வெப்பத்தைத் தடுப்பதற்கு வேண்டிய தடிப்பும் ஒருங்கே வாய்ந்த அம்மேகமே உச்சியின் வெப்பநிலையை உறைநிலைக்கு மேல் உயர்த்திற்று. இம்முடிவு 2013-ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. மெல்லிய மேகம் ஒன்று மாபெரும் பனிப்பரப்பின் நிலையையே மாற்ற வல்லது என்பதை அறிந்து விஞ்ஞான உலகம் வியந்தது.

பனியோடு மிதந்த கப்பல்

ஷேபா ஆராய்ச்சிக்குப் பின் இருபதாண்டுகள் கழிந்தன. அதற்குள் ஆர்க்டிக் பனி மெலிந்து இளம்பனியாக மாறிவிட்டது. பழைய அளவுகள் புதிய பனிக்குப் பொருந்துமா என்ற ஐயம் எழுந்தது. துருவத்தின் அருகிலேயே ஓராண்டு முழுவதும் தங்கி, காற்று, மேகம், பனி, கடல், உயிரினம் ஆகிய அனைத்தையும் ஒரே காலத்தில் அளந்தாலன்றி உண்மை விளங்காது எனக் கருதினர். பல்லாண்டுகள் திட்டமிட்டபின், ஜெர்மனி நாட்டு ஆல்பிரட் வேகெனர் ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையில் 'மொசெய்க்' என்னும் மாபெரும் பயணம் உருவாயிற்று. மார்க்கஸ் ரெக்ஸ் என்பவர் அதன் தலைவர். ஷூப் அதனை ஒருங்கிணைத்தவர்களுள் ஒருவர். இருபது நாடுகளின் அறிஞர்கள் அதில் பங்கு கொண்டனர்.

2019-ஆம் ஆண்டு செப்டம்பர் 20-ஆம் நாள் 'போலார்ஸ்டெர்ன்' என்னும் கப்பல் நார்வே நாட்டு டிரோம்சோ துறைமுகத்தினின்றும் புறப்பட்டது. துருவ மீன் என்பது அப்பெயரின் பொருள். அக்டோபர் 4-ஆம் நாள் அது வடக்கே 85 டிகிரியில் ஒரு பனிப்பாளத்தோடு பிணைக்கப்பட்டது. சில நாட்களில் கதிரவன் மறைந்தான். நீண்ட இரவு சூழ்ந்தது. நெற்றியில் கட்டிய விளக்கொளியில் விஞ்ஞானிகள் பனியின்மீது நடந்து கம்பங்களை நட்டனர், கூடாரங்களை அமைத்தனர், கருவிகளுக்கு மின்கம்பி இழுத்தனர். குளிர் உறைநிலைக்கு 40 டிகிரிக்கும் கீழே இறங்கிற்று. வெண்கரடிகள் நெருங்காவண்ணம் துப்பாக்கி ஏந்திய காவலர் எந்நேரமும் விழித்திருந்தனர். பனி திடீரெனப் பிளந்து மின்கம்பிகளை அறுத்ததும், அறுந்தவற்றை மீண்டும் இணைத்ததும் அங்கே அன்றாட நிகழ்ச்சிகளாயின.

மேகங்களை அளக்கும் முறை அறியத்தக்கது. ஆறு மணி நேரத்திற்கு ஒருமுறையேனும் ஒரு பலூன் வானில் விடப்பட்டது. அது மேலே செல்லச் செல்லக் காற்றின் வெப்பம், ஈரம், விரைவு ஆகியவற்றை வானொலி வாயிலாக அறிவிக்கும். ரேடார் அலைகள் மேகத்தினுள் உள்ள பெரிய பனிப் படிகங்களைக் காட்டின. லேசர் ஒளி துளியையும் படிகத்தையும் பிரித்துக் காட்டிற்று. உருண்டையான துளியிற் பட்டுத் திரும்பும் ஒளியின் அதிர்வுத் திசை மாறுவதில்லை. பல கோணங்களையுடைய படிகத்திற் பட்டுத் திரும்பும் ஒளியில் அது மாறிவிடும். இவ்வாறு, கையால் தொடாமலே மேகத்தின் உள்ளமைப்பை அறிந்துகொண்டனர்.

2020-ஆம் ஆண்டு பிப்ரவரி 24-ஆம் நாள் கப்பல் துருவத்திற்கு 156 கிலோமீட்டர் தொலைவு வரை மிதந்து சென்றது. அவ்வேளையில் உலகெங்கும் கொரோனா நோய் பரவத் தொடங்கிற்று. நாடுகள் தம் எல்லைகளை மூடின. விமானத்தில் வர வேண்டிய மாற்றுக் குழு வர இயலவில்லை. பனியில் இருந்தோர் குறித்த காலத்திற்கு ஏறத்தாழ இரண்டு திங்கள் மிகுதியாகத் தங்க நேர்ந்தது. இறுதியில் மே மாதத்தில் கப்பல் தன் பனிப்பாளத்தை விட்டு ஸ்பிட்ஸ்பெர்கன் தீவின் அருகே சென்று, வேறு இரண்டு கப்பல்களில் வந்த குழுவினரை ஏற்றிக்கொண்டு ஜூன் மாதத்தில் பழைய இடத்திற்கே திரும்பிற்று. தானியங்கிக் கருவிகள் சில அதுகாறும் பனியின்மீது தனியே பணி செய்துகொண்டிருந்தன. ஜூலைத் திங்களின் இறுதியில் அப்பாளம் கிரீன்லாந்திற்கும் ஸ்பிட்ஸ்பெர்கனுக்கும் இடையே உள்ள நீர்வழியை அடைந்து துண்டு துண்டாக உடைந்தது. நான்சென் கப்பலின் நினைவாகப் 'பிராம்' நீரிணை என்று அழைக்கப்படுவது அவ்விடமே. அதன்பின் கப்பல் மீண்டும் வடக்கே திரும்பி, ஆகஸ்டு 19-ஆம் நாள் துருவத்தையே அடைந்தது. அக்டோபர் 12-ஆம் நாள் தாயகம் சேர்ந்தது.

அளவுகள் கூறுவன

அப்பயணத்தில் கிடைத்த அளவுகள் எண்ணிறந்தவை. அவற்றுள் ஒன்று ஏப்ரல் திங்களில் நேர்ந்தது. தெற்கிலிருந்து வந்த ஈரமிக்க வெப்பக் காற்றினால், உறைநிலைக்கு 30 டிகிரி கீழே இருந்த வெப்பநிலை சில நாட்களில் உறைநிலையை நெருங்கிற்று. அக்காற்று வெப்பத்தை மட்டும் கொண்டு வரவில்லை. ஐரோப்பிய நகரங்களின் காற்றில் காணப்படும் அளவிற்கு நுண்துகள்களையும் அது சுமந்து வந்தது. மேகத் துளிகள் உருவாவதற்கு அத்துகள்களே விதையாகும். தொலைவிலுள்ள ஆலைகளும் ஊர்திகளும் எழுப்பும் புகை, மனிதர் வாழாத பனிக் கடலின் மேகங்களையும் தீண்டுகிறது என்பது இதனால் தெளிவாயிற்று.

மொசெய்க் பயணத்தின் அளவுகள் 2023-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் உலகத்தார் அனைவருக்கும் பொதுவாக வழங்கப்பட்டன. அவற்றைக் கொண்டு, பூமியின் தட்பவெப்ப நிலையைக் கணக்கிடும் முறைகளிலுள்ள பிழைகளைத் திருத்தும் பணி பல நாடுகளில் மேற்கொள்ளப்பட்டது. இந்தியாவும் வடதுருவ ஆராய்ச்சியில் பங்கு கொண்டுள்ளது. ஸ்பிட்ஸ்பெர்கன் தீவில் நை-ஆலசுண்டு என்னும் இடத்தில் 2008-ஆம் ஆண்டில் 'ஹிமாத்ரி' என்னும் ஆராய்ச்சி நிலையத்தை இந்திய அரசு நிறுவியது.

ஒரு துளி நீர் உறைந்ததா, உறையவில்லையா என்பது அற்பமான வினாவாகத் தோன்றலாம். அவ்வினாவிற்கு விடை காணவே மூன்று தலைமுறைக்கு மேற்பட்ட அறிஞர்கள் இருளிலும் குளிரிலும் உழைத்தனர். கடற்பனியின் எதிர்காலம் அத்துளியைப் பொறுத்திருப்பதும், பனியின் எதிர்காலத்தை உலகின் தட்பவெப்ப நிலை பெரிதும் சார்ந்திருப்பதும் அவர்கள் உழைப்பினால் விளங்கின. நான்சென் பனியோடு இணங்கிச் சென்று கடலை அறிந்தார். அவர் வழி வந்தோர் அப்பனியின்மீது நின்று வானத்தை அறிந்தனர். இயற்கையைத் தம் விருப்பிற்கு வளைக்க முயலாது, பொறுமையோடு அதன் போக்கில் சென்று அளந்து அறிவதே அவர்கள் மேற்கொண்ட நெறி. அந்நெறியினால் பெற்ற அறிவைப் பயன்படுத்திப் பனியைக் காப்பது இனி உலக மக்கள் அனைவரின் கடமையாகும்.